கல்லைப் போடுங்க

"அம்மா, இந்தத் தேனீக்கள் எனக்கு என்ன சொல்லித் தருகின்றன?" என்று கேட்டார் அறவாழி.

செங்கமலம் தேனீப் பெட்டியின் பலகையில் காதை வைத்தாள். உள்ளே இரைச்சல் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தது.

"தண்ணி கேக்குது" என்றாள்.

அறவாழி கண்களை மூடிக்கொண்டார்.

"தாகம்" என்றார். "ஆன்மாவின் தாகம்."

"இல்லங்கய்யா. தண்ணி. வெயில் ஏறிருச்சு. பெட்டிக்குள்ள சூடு தாங்கல."

"சூடு" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. "பிறவிச் சூடு."

செங்கமலம் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போய்விட்டாள்.

*

செங்கமலம் ஒரு காலத்தில் மாட்டு டாக்டர். அரசாங்க வேலையை விட்டுவிட்டு, சிறுமலை அடிவாரத்தில் ஒரு மாந்தோப்புக்குள் சின்னதாக வீடு கட்டி, தேனீ வளர்த்துக்கொண்டு தனியாக இருந்தாள். விடிந்ததும் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்காருவாள். அதைப் பார்த்த யாரோ ஒருவர் வந்து எதிரில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து இன்னொருவர் வந்தார்.

கேட்டதற்கெல்லாம் செங்கமலம் சுருக்கமாகப் பதில் சொன்னாள். சுருக்கமாகப் பேசினால் தொல்லை குறையும் என்று நினைத்தாள்.

அது தப்பாகப் போயிற்று. சுருக்கமாகப் பேசுகிறவர்களைத்தான் ஜனங்கள் ஞானி என்கிறார்கள். நாற்பது வயது முடிவதற்குள் அவள் குரு ஆகிப்போனாள்.

மற்றவர்கள் வருவார்கள், கேட்பார்கள், போய்விடுவார்கள்.

அறவாழி போகவில்லை.

அவர் மதுரையில் தமிழ்ப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவளைவிட இருபது வயதாவது மூத்தவர். வகுப்பில் ஒரு வரியைக் கையில் எடுத்தாரானால் மணி அடிக்கும்வரை விடமாட்டார். அதன் அடியில் ஒரு பொருள், அதற்கும் அடியில் ஒரு பொருள் என்று தோண்டிக்கொண்டே போவார். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு வகுப்பு இல்லை. வீட்டில் மனைவி தமயந்தி மட்டும்தான் இருந்தாள்.

"அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், அம்மா" என்று வந்த அன்றைக்கே செங்கமலத்திடம் சொன்னார். "வெங்காயத்தின் தோலுக்கும் மனத்தின் அடுக்குகளுக்கும் உள்ள ஒப்புமையை நான் விளக்கிக்கொண்டிருந்தேன். சட்டென்று நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள். 'கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன்.' இடி இறங்கினாற்போல் இருந்தது. என் மனைவியே எனக்கு மௌனத்தின் வாசலைத் திறந்துவிட்டாள். அன்றே புறப்பட்டுவிட்டேன்."

"தலைவலியா இருந்திருக்கும்" என்றாள் செங்கமலம்.

அறவாழி அப்படியே நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுந்தார்.

*

அது மாசி மாதம். அன்றிலிருந்து செங்கமலம் வாயைத் திறக்கவே பயந்தாள்.

"செருப்பக் கழட்டிப் போட்டுட்டு வாங்க. சாணி ஒட்டியிருக்கு" என்று ஒருநாள் சொன்னாள். அறவாழி அதன் பிறகு செருப்பே போடவில்லை. தோப்பு முழுக்க வெறுங்காலோடு நடந்தார். குதிகாலில் முள் ஏறிச் சீழ் பிடித்தது. மாட்டுக்கு வைத்திருந்த மருந்தைப் போட்டுக் கட்டிவிட்டபடி, "செருப்பப் போட்டுக்கங்க" என்றாள்.

"கழற்று என்றீர்கள். போடு என்கிறீர்கள்" என்றார் அறவாழி. அவர் கண் கலங்கியது. "இரண்டும் ஒன்றே என்று இன்றுதான் விளங்கியது."

"ரெண்டும் வேறங்கய்யா."

"ஆகா!" என்றார்.

இன்னொரு நாள் சோறு குழைந்துவிட்டது. "அடுப்ப முன்னாடியே அணைச்சிருக்கணும்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அருகில் யாருமில்லை என்று நினைத்துத்தான் சொன்னாள். அன்று மாலை, வந்திருந்த நாலு பேருக்கு அறவாழி அந்த வரியை விளக்கிக்கொண்டிருந்ததை மாமரத்துக்குப் பின்னால் நின்று கேட்டாள். ஆசை என்னும் அடுப்பு. முதுமைக்கு முன்னே அணைத்தல். நன்றாகத்தான் பேசினார். கேட்டவர்களில் ஒரு பெண் அழுதாள்.

செங்கமலத்துக்கும் அழுகை வந்தது. வேறு காரணத்துக்காக.

*

சித்திரை பிறந்தது. மாம்பூ எப்போதோ உதிர்ந்து, மரமெல்லாம் காய். தேனீக்கு வேம்பும் புங்கையும்தான் கொஞ்சம் பூத்துக் கொடுத்தன. வெயில் மண்ணைப் பிளந்தது.

இந்த நாட்களில் தேனீக்குத் தேனைவிடத் தண்ணீர்தான் முக்கியம். வெளியே போய்த் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு வந்து, பெட்டிக்குள் அடைகளின் மேல் துளித்துளியாக வைக்கும். வாசலில் வரிசையாக நின்று இறக்கையால் விசிறும். அப்படித்தான் உள்ளே இருக்கும் புழுக்கள் வெந்துபோகாமல் இருக்கின்றன. தண்ணீர் பக்கத்தில் இல்லாவிட்டாலோ, நிழல் போய்விட்டாலோ, கூட்டம் மொத்தமாகக் கிளம்பிப் போய்விடும். போனால் வராது.

செங்கமலம் அதற்காகவே பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி வைத்திருந்தாள். அன்று காலையில் தொட்டியில் பாசி பிடித்திருந்தது. உள்ளே கிடந்த கூழாங்கற்களையெல்லாம் எடுத்துக் கிணற்று மேட்டில் குவித்துவிட்டு, தொட்டியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் பைக்கில் பறந்து வந்தார்.

"டாக்டரம்மா, மாடு கன்னு போட முடியாமக் கெடக்கு. கன்னு குறுக்க இருக்குங்கறாங்க. நீங்க வந்தாத்தான் ஆகும்."

செங்கமலம் கையைக் கழுவினாள். போனால் எப்போது திரும்புவோம் என்று தெரியாது. தோப்பில் வேறு யாரும் இல்லை. அறவாழி மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

அவள் அவரை உட்காரவைத்தாள். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள்.

"ஐயா. நல்லாக் கேளுங்க. தொட்டியில தண்ணிய நெரப்புங்க. அப்பறம் கல்லைப் போடுங்க. பெட்டி மேல இருக்கற கீத்து சரிஞ்சா நிமித்தி வைங்க. அவ்வளவுதான்."

"தண்ணீரை நிரப்ப வேண்டும். கல்லைப் போட வேண்டும். சரிந்ததை நிமிர்த்த வேண்டும்" என்றார் அறவாழி. கைகள் தாமாகக் கூப்பிக்கொண்டன.

அந்தக் கும்பிடு செங்கமலத்துக்குப் பிடிக்கவில்லை.

"இதுல உள்ளர்த்தம் எதுவும் கிடையாது" என்றாள்.

"கிடையாது" என்றார் அவர், முகமெல்லாம் மலர.

பைக்கில் வந்தவர் ஹாரனை அடித்தார். அவள் ஏறிப் போய்விட்டாள்.

*

கன்று பிழைத்தது. மாடும் பிழைத்தது. ஆனால் அதற்கு மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது. செங்கமலம் கையெல்லாம் வீங்கி, தூக்கம் இல்லாத கண்ணோடு தோப்புக்குள் வந்தாள்.

முதலில் தொட்டியைப் பார்த்தாள்.

தண்ணீர் விளிம்புவரை இருந்தது. அதன் மேல் தேனீக்கள் மிதந்தன. ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை, தவிடு கொட்டினாற்போல். சில இன்னும் கால்களை அசைத்துக்கொண்டிருந்தன.

தொட்டியில் ஒரு கல்கூட இல்லை.

அறவாழி கிணற்று மேட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு அமைதி. அவருக்குப் பக்கத்தில் குவித்து வைத்திருந்த கூழாங்கற்களைக் காணவில்லை.

"ஐயா, கல்லு எங்க?"

"போட்டுவிட்டேன், அம்மா."

"எங்க போட்டீங்க?"

அவர் கிணற்றைக் காட்டினார்.

"நேற்று மாலை முழுவதும் போட்டேன். ஒவ்வொரு கல்லும் ஒரு சுமை. இந்தக் கல் என் பட்டம் என்று சொல்லிப் போட்டேன். இந்தக் கல் என் புகழ். இந்தக் கல் என் நூல்கள். இருந்ததிலேயே பெரிய கல்லைக் கடைசியாக வைத்திருந்தேன்."

"அது என்ன?"

"தமயந்தி."

செங்கமலம் கிணற்றை எட்டிப் பார்த்தாள்.

"விழுந்த ஓசை நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது" என்றார் அறவாழி. குரலில் அமைதி கொஞ்சம் குறைந்திருந்தது.

செங்கமலம் அவர் கையைப் பிடித்து எழுப்பினாள். தொட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"தேனீக்கு நீச்சல் தெரியாது. கல்லு இருந்தா அது மேல உக்காந்து குடிக்கும். கல்லு இல்லன்னா வழுக்கி விழுந்துரும். அதுக்குத்தான் கல்லு."

அறவாழி தொட்டியைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"அம்மா" என்றார் மெல்ல. "இதன் பொருள் என்ன?"

"செத்துப் போச்சு" என்றாள் செங்கமலம். "அதான் பொருள்."

*

அவள் பாதையில் கிடந்த கற்களை முந்தானையில் அள்ளிக்கொண்டு வந்து தொட்டிக்குள் கொட்டினாள். ஓடிப்போய்ப் பெட்டிகளைப் பார்த்தாள். ஒரு பெட்டியின் மேல் கீற்று சரிந்து, பலகை தொட முடியாமல் சுட்டது. வாசலில் தேனீக்கள் தாடிபோல் வெளியே தொங்கின. கிளம்பத் தயாராக இருந்தன.

"கீத்தையாவது நிமித்தி வைக்கக் கூடாதா?"

"என்னை நிமிர்த்திக்கொண்டிருந்தேன்" என்றார் அறவாழி. சொன்ன வேகத்தில் அவருக்கே அது காதில் விழுந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார்.

செங்கமலம் சாக்கை நனைத்துப் பெட்டிமேல் போட்டாள். கீற்றை இழுத்துக் கட்டினாள். பிறகு தொட்டிக்குத் திரும்பி வந்தாள்.

"துண்ட விரிங்க."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து வெயிலில் விரித்தார். அவர் வாய் ஏதோ சொல்லத் திறந்தது. அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டது.

அவள் வடிகட்டியால் தேனீக்களை அள்ளித் துண்டில் பரப்பினாள். "இப்ப விழுந்ததெல்லாம் காஞ்சா எந்திரிக்கும். நேத்தே விழுந்தது எந்திரிக்காது. ஒண்ணு ஒண்ணாப் பிரிச்சு வைங்க."

அறவாழி மண்டி போட்டு உட்கார்ந்தார். ஒரு மாவிலையைக் கிழித்து, அதன் நரம்பால் ஈரமான தேனீக்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தார். வெயில் அவர் முதுகில் அடித்தது. நகர்ந்துகொள்ளவில்லை.

பெரும்பாலானவை அப்படியே கிடந்தன.

பிறகு ஒன்றின் கால் அசைந்தது. அது தன் முகத்தைத் துடைத்துக்கொண்டது. ஒட்டிக் கிடந்த இறக்கையைப் பின்னங்காலால் நீவிவிட்டது. துண்டின் மேல் இரண்டு தப்படி நடந்தது. எழும்பிப் பறந்து போயிற்று.

செங்கமலம் ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தாள். இதோ வரப்போகிறது என்று நினைத்தாள். மறுபிறவி. ஈரம் உலர்ந்த உயிர். மாலை வருகிறவர்களுக்கு ஒரு மணி நேரப் பேச்சு.

அவர் எதுவும் சொல்லவில்லை. அடுத்ததைப் பிரித்தார்.

இன்னொன்று எழுந்தது. அதைப் பின்பற்றி ஏழெட்டு. எழுந்த ஒன்று அவர் கட்டைவிரலில் ஏறிக் கொட்டிவிட்டது.

"ஆ!" என்று கையை உதறினார். "வலிக்குதும்மா!"

செங்கமலம் கையில் இருந்த வடிகட்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். மாசியிலிருந்து அவர் பேசியதில் அவளுக்கு முழுசாகப் புரிந்த முதல் வாக்கியம் அதுதான்.

"வலிக்கத்தான் செய்யும். கொடுக்கு உள்ள இருக்கு பாருங்க. நசுக்காதீங்க. நகத்தால சுரண்டி எடுங்க."

அவர் சுரண்டி எடுத்தார். விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல இருந்தது பார்க்க.

தேறிவிட்டார் என்று நினைத்தாள் செங்கமலம்.

*

வீட்டுக்குள் போன் அடித்தது.

"டாக்டரம்மாவா?" என்றது ஒரு பெண் குரல். "நான் மதுரையில இருந்து தமயந்தி பேசறேன். உங்க நம்பர் இப்பத்தான் ஒருத்தர்கிட்ட இருந்து கெடச்சது. அவர் அங்க இருக்காரா?"

"இருக்காருங்க. கூப்பிடட்டா?"

"வேண்டாம், வேண்டாம். தியானத்துல இருப்பாரு. ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொன்னாப் போதும். எங்க வீட்டு மோட்டார் ஓடல. அதுக்கு எந்த மெக்கானிக்கக் கூப்பிடுவாருன்னு தெரியல. பேரு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

"எவ்வளவு நாளா ஓடல?"

"அது ஆச்சு, பங்குனி உத்திரத்துக்கு முன்னாலயே நின்னுபோச்சு. தெருக்குழாயில பிடிச்சுக்கறேன். மாடிப்படிதான் கொஞ்சம். முட்டி ஒத்துழைக்க மாட்டேங்குது." அவள் சிரித்தாள். "அவர வரச் சொல்லல. அவரு தேடிப் போனது கெடைக்கட்டும். மெக்கானிக் பேரு மட்டும்."

செங்கமலம் போனை வைத்துவிட்டு வெளியே வந்தாள். அறவாழி இன்னும் துண்டின் முன்னால் மண்டியிட்டிருந்தார்.

எப்படிச் சொல்லலாம் என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். சுற்றி வளைக்கத் தெம்பு இல்லை. தூக்கம் வேறு கண்ணைச் சுழற்றியது.

"ஐயா" என்றாள். "வீட்டுக்குப் போங்க."

அறவாழி நிமிர்ந்து பார்த்தார். அடுத்த நொடி மண்ணில் குப்புற விழுந்து அவள் பாதத்தை நோக்கிக் கையை நீட்டினார்.

"வீடு!" என்றார். "கடைசியில் எனக்கும் உரைத்துவிட்டீர்கள். விடு என்னும் வினையில் பிறந்தது வீடு. அனைத்தையும் விட்டவன் அடையும் இடம் வீடு. அறம், பொருள், இன்பம், அதற்குப் பின் வீடு! நேற்று கடைசிக் கல்லையும் விட்டேன். இன்று வீட்டுக்குப் போ என்கிறீர்கள். இதற்கு நான் தகுதி—"

"ஐயா!"

மாமரத்தில் இருந்த காகங்கள் எழும்பிப் பறந்தன. செங்கமலம் கத்தி யாரும் கேட்டதில்லை. மாடு எட்டி உதைத்தபோதுகூட அவள் கத்தியதில்லை.

"செங்கல்லு வச்சுக் கட்டுன வீடு! ஜன்னல் வச்ச வீடு! மதுரையில இருக்கு! அங்க மோட்டார் ஓடல! உங்க சம்சாரம் முட்டி வலியோட தெருக்குழாயில இருந்து கொடம் கொடமா மாடிக்குத் தூக்கிக்கிட்டு இருக்காங்க! அந்த வீடு! அந்த வீட்டுக்குப் போங்கன்னு சொன்னேன்! உங்களுக்கு எது சொன்னாலும் ஏன் இப்படி… தெரியலையா உங்களுக்கு? நெசமாவே எந்த வீடுன்னு தெரியலையா?"

அறவாழி எழுந்திருக்கவில்லை. முகம் மண்ணில் பதிந்திருந்தது. முதுகு மட்டும் ஏறி இறங்கியது.

துண்டிலிருந்து ஒரு தேனீ எழும்பிப் போயிற்று.

"தெரியும்மா" என்றார்.

செங்கமலத்தின் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அவளும் மண்ணில் உட்கார்ந்தாள்.

"சும்மா இருங்கன்னு அவ சொன்னப்பவும் தெரியும்" என்றார். "அப்பறம் அந்த வீட்ல நான் எதுக்குன்னு தோணிப்போச்சு."

செங்கமலம் துண்டின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

"வரச் சொன்னாளா?" என்று கேட்டார்.

"இல்ல. மோட்டார் மெக்கானிக் பேரு என்னன்னு கேட்டாங்க."

அவர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். நெற்றியில் மண் ஒட்டியிருந்தது. வீங்கிப்போன கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மெக்கானிக்னு யாரும் கிடையாதும்மா. நான்தான் போயி ஒரு எடத்துல தட்டுவேன். ஓடும். எந்த எடம்னு அவளுக்குத் தெரியாது."

"சாயங்காலம் மதுரைக்கு ஒரு பஸ் இருக்கு" என்றாள் செங்கமலம்.

அறவாழி வாயைத் திறந்தார்.

செங்கமலம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

"நத்தம் வழியாப் போறதா, திண்டுக்கல் வழியாவா?" என்று கேட்டார்.